இடையில் நான்கு வருஷம்



போன மாதம் நம் சந்தா பிரிவுக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டார். வீடு மாறியவர்கள், இதழ் வந்து சேராதவர்கள், சந்தா முடிந்ததை மறந்துவிட்டு நம்மைத் திட்டுகிறவர்கள் என்று நாளெல்லாம் அங்கே போன் அடித்துக்கொண்டே இருக்கும். பொறுமையாகப் பேச வேண்டும். கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பிங் தெரிந்தால் நல்லது. படிப்பு பிளஸ் டூ போதும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தோம்.

வந்தவர்களில் ஒரு தம்பி. இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். பயோடேட்டா ஒரே பக்கம்தான். 2016-ல் பிளஸ் டூ முடித்திருக்கிறார். 2020-லிருந்து ஒரு மொபைல் கடை, பிறகு ஒரு கொரியர் ஆபீஸ். நடுவில் ஒன்றுமே இல்லை.

"இடையில நாலு வருஷம் என்ன செஞ்சீங்க தம்பி?"

"வீட்லதான் சார் இருந்தேன்."

வீட்டில் சும்மா இருந்தவர் மாதிரி தெரியவில்லை. பேச்சு அத்தனை தெளிவாக இருந்தது. சரி என்று ஆதார் அட்டையைக் கேட்டேன். அவசரமாக உருவினார். கூடவே இன்னொரு தாளும் வழுக்கிக்கொண்டு வந்து மேஜை மேல் விழுந்தது. லேமினேட் செய்த பட்டச் சான்றிதழ். (லேமினேட் செய்யாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?) பி.இ. மெக்கானிக்கல். முதல் வகுப்பு. 2020.

இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டைப் பையிலிருந்த சிகரெட்டை அப்பா பார்த்துவிட்டால் பையன் முகம் எப்படிப் போகுமோ, அப்படிப் போயிருந்தது அவர் முகம்.

"டிகிரின்னு போட்டா 'நீ நிக்க மாட்டே'ன்னு அனுப்பிடறாங்க சார். அதான் எடுத்துட்டேன்" என்றார்.

இருபது வருஷமாக பயோடேட்டாக்களைப் பார்க்கிறேன். தெரியாத ஹிந்தியைத் தெரியும் என்று எழுதுவார்கள், மூன்று மாத வேலையை மூன்று வருஷம் என்பார்கள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதெல்லாம் பழகிப்போன விஷயம். நான்கு வருஷம் கஷ்டப்பட்டு வாங்கிய பட்டத்தை இல்லை என்று எழுதிய ஒருவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்களிடம் மறைப்பானேன்? நானும் அவரை அனுப்பிவிட்டேன். "சொல்லி அனுப்பறோம் தம்பி" என்றேன். அவர் படியிறங்கிப் போனதும் நம் சர்க்குலேஷன் மேனேஜர், "நல்ல பையன்தான். ஆனா ரெண்டு மாசத்துல வேற எங்கயாவது போயிடுவான் சார்" என்றார். நானும் தலையாட்டினேன். அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

இந்தத் தம்பி உங்களுக்குத் தெரியாதவரா என்ன? உங்கள் வீட்டிலோ, மாடி போர்ஷனிலோ, எதிர் சந்திலோ இப்படி ஒருவர் இருப்பார். சாப்பிடும் நேரத்துக்கு வெளியே வருவார். விருந்தாளி வந்தால் உள்ளே போய்விடுவார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பார்.

அவர்களைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது. வடக்கேருந்து வர்றவன் எந்த வேலையும் செய்யறான், நம்மாளு சோம்பேறி." டீக்கடையில், ரயிலில், வாட்ஸ்அப்பில் எல்லாம் இதுதான். எனக்கு வரும் கடிதங்களிலும் பாதி இதைத்தான் சொல்கிறது. நானும் சில சமயம் சொல்லியிருக்கிறேன். இப்போது அது அவ்வளவு சரியாகப் படவில்லை.

சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியிலுள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024-ல் இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை ஒன்றை வெளியிட்டன. 2022 நிலவரப்படி, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலை இல்லாதவர்கள் 3.4 சதவீதம். பட்டதாரி இளைஞர்களில் 29.1 சதவீதம். படிக்கப் படிக்க வேலை கிடைக்கும் என்றுதானே பிள்ளைகளிடம் சொல்லி வளர்த்தோம்? கணக்கு தலைகீழாக இருக்கிறதே?

கொஞ்சம் யோசித்தால் புரியும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளை வேலை இல்லாமல் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. வேலைக்காகக் காத்திருப்பதற்கும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. அந்த வசதி எங்கிருந்து வருகிறது? அப்பாவின் பென்ஷன், அம்மாவின் தையல் மெஷின், ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட அக்காவின் சம்பளம். நம் வீடுகள்தான் இந்தக் காத்திருப்புக்குச் சோறு போடுகின்றன. அதைப் பாசம் என்று சொல்கிறோம். பாசம்தான். ஆனால் அதன் செலவை எந்த வீட்டுக் கணக்கு நோட்டிலும் நான் பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் இது இன்னும் கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம், நாம் நன்றாகச் செய்த ஒரு காரியம். 2021-22 கணக்குப்படி, கல்லூரி வயதுப் பிள்ளைகளில் உயர்கல்வியில் சேர்ந்தவர்கள் அகில இந்திய அளவில் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் 47 சதவீதம். 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை வந்தபோது, 'எங்க வம்சத்துல இவன்தான் மொத டிகிரி' என்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அப்படிக் கொண்டாடி வாங்கிய பட்டத்துக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

பெரிய ஐ.டி. கம்பெனிகள் கேம்பஸில் மொத்தமாக ஆள் எடுக்கும்போது கொடுக்கும் தொடக்கச் சம்பளம், பதினைந்து வருஷமாக ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தையே சுற்றி வருகிறது. அதே பதினைந்து வருஷத்தில் சென்னையில் ஒரு ஷேரிங் ரூம் வாடகை எங்கே போய்விட்டது? ஒரு சாப்பாடு என்ன விலை? ஐ.டி. கிடைத்தவர்களுக்கே இந்த நிலை. கிடைக்காத மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் தொகையைக் கேட்டால், "இதுக்கா நாலு வருஷம் படிக்க வெச்சோம்?" என்று அப்பாவே சொல்லிவிடுகிறார். பையன் வீட்டிலேயே இருந்துவிடுகிறான். முடிவு எடுத்தது யார்?

வீட்டிலிருக்கும் பையன் அடுத்து என்ன செய்வான்? அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிப்பான்.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்துக்குக் காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கதவு திறக்கும் முன்னாலேயே படிக்கட்டில் பை வைத்து இடம் போட்டிருப்பார்கள். உள்ளே அவர்கள் படிப்பது என்ன தெரியுமா? ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம். ஏழாம் வகுப்பு சமூக அறிவியல். தேர்வுக் கேள்விகள் பெரும்பாலும் பள்ளிப் பாடத்திலிருந்தே வருவதால், பி.இ. முடித்த பிள்ளை 'பிரித்து எழுதுக'வை மூன்று கலர் பேனாவில் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்கிறது. ஒருநாள் ஒரு பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்தேன். பக்கத்தின் மேல் ஓரத்தில் சின்ன எழுத்தில் '3rd' என்று இருந்தது. மூன்றாவது ரிவிஷனா என்று கேட்டேன். "இல்ல சார், மூணாவது அட்டெம்ப்ட்" என்றாள்.

2024-ல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது இருந்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டிய பிறகும் ஒரு நாற்காலிக்கு 200 பேருக்கு மேல். அந்த நாற்காலிக்குத் தேவையான படிப்பு பத்தாம் வகுப்பு.

நாற்காலி ஆசை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அதுவும் முழுக்க உண்மை இல்லை. 2018-ல் சட்டமன்றச் செயலகத்தில் துப்புரவுப் பணிக்கு 14 இடங்கள் அறிவித்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் விண்ணப்பங்கள். அதில் எம்.டெக்., எம்.பி.ஏ. எல்லாம் இருந்தது. 2019 நவம்பரில் கோவை மாநகராட்சி 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஆள் எடுத்தபோது ஏழாயிரம் பேர் வந்து நின்றார்கள். பொறியியல் பட்டதாரிகள் அந்த வரிசையிலும் இருந்தார்கள். துடைப்பம் பிடிக்கத் தயாராக வந்து நின்ற பிள்ளையைப் பார்த்து 'உடம்பு வளையாது' என்று எப்படிச் சொல்வது? அவர்கள் தேடிப் போனது 'பர்மனென்ட்' என்ற ஒரு சொல்லை. நாளைக்கு வர வேண்டாம் என்று யாரும் சொல்லாத ஒரு வேலையை.

வடக்கேயிருந்து வருகிறவர்கள் என்ற பேச்சுக்காக இப்போது திருப்பூருக்கு வருகிறேன்.

ஒரு விசேஷத்துக்காக அங்கே போயிருந்தேன். சித்தப்பா மகன் பனியன் ஜாப்வொர்க் யூனிட் வைத்திருக்கிறான். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து மின்கம்பம், மதில், டீக்கடைக் கதவு எங்கும் ஒரே வாசகம்: 'சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங், கைமடிக்கப் பெண்கள் தேவை. தங்குமிடம் இலவசம்.' கீழே அதுவே ஹிந்தியில். சில இடங்களில் ஹிந்தி மேலே, தமிழ் கீழே.

"ஆளே கெடைக்கறதில்லீங்ணா. ஹோலிக்கு ஊருக்குப் போனானுங்கன்னா திரும்பி வர்ற வரைக்கும் பாதி மெஷின் சும்மாதான் நிக்குது. நானே ஸ்டேஷனுக்குப் போயி தன்பாத் எக்ஸ்பிரஸ்ல எறங்கறவனப் புடிச்சுக் கூட்டியாரேன்" என்றான் தம்பி.

"நம்ம பையன் சும்மாதான இருக்கான்? அவனை உக்கார வெக்கலாமே?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "அவன் பி.இ.ங்ணா!"

பையன் பெங்களூரு ஐ.டி. வேலைக்காக இரண்டு வருஷமாக வீட்டில் காத்திருக்கிறான். அப்பா ஆள் கிடைக்கவில்லை என்று ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு காத்திருப்பு! சிரித்துவிட்டோம். அப்புறம் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. யூனிட்டைச் சுற்றிக் காட்டும்போது, செக்கிங் மேஜையில் வேலை செய்துகொண்டிருந்த பீகார் பையன் ஒருவனைக் காட்டி, "இவன் பி.ஏ. முடிச்சிருக்கான்" என்றான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். பட்னாவில் ரூம் எடுத்து மூன்று வருஷம் ரயில்வே தேர்வுக்குப் படித்தானாம். 2022 ஜனவரியில் பீகாரில் ரயில்வே தேர்வு முடிவை எதிர்த்து மாணவர்கள் மறியல் செய்ததும், கயாவில் ரயில் பெட்டிகள் எரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அந்தத் தேர்வில் 35,000 சொச்சம் இடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் ஒரு கோடியே 25 லட்சம் பேர். அந்த ஒரு கோடியில் அவனும் ஒருவன். வீட்டில் பணம் தீர்ந்ததும் கிளம்பி வந்துவிட்டான். அப்பா அம்மாவுக்கு அவன் திருப்பூரில் 'கம்பெனி வேலை' பார்க்கிறான் என்று மட்டும்தான் தெரியுமாம். துணியில் ஓட்டை பார்க்கிற வேலை என்று சொல்லவில்லையாம்.

நம் சந்தா பிரிவுக்கு வந்த தம்பிக்கும் இவனுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஒருவன் பட்டத்தை முதலாளியிடம் மறைக்கிறான். இன்னொருவன் வேலையை வீட்டில் மறைக்கிறான்.

'வடக்கேருந்து வந்து நம்ம பசங்க வேலையைப் பிடுங்கறாங்க' என்று எழுதும் வாசகர்களிடம் ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 2015-ஐ ஒட்டித் தொழிலாளர் துறைக்காக எடுத்த ஆய்வில், தமிழ்நாட்டில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 10.67 லட்சம். அதே 2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வில், வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம். சிங்கப்பூர் முதலிடம், அடுத்து அமீரகம். அதாவது, உள்ளே ஒருவர் வந்தபோது இங்கிருந்து இருவர் வெளியே போயிருந்தார்கள். பத்து வருஷத்தில் எல்லாம் மாறியிருக்கும். ஆனாலும் அடுத்தவன் ஊருக்குப் போய்ப் பிழைப்பது நமக்குப் புதிதா என்ன? கண்டிக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறியவர்களின் பேரப் பிள்ளைகள்தானே நம்மில் பலர்?

2023 மார்ச்சில், இங்கே பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்க் கூட்டம் கூட்டமாக ரயில் ஏறினார்கள். பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. அந்தச் சில நாளில் திருப்பூர் முதலாளிகள் முகத்தில் இருந்த கலக்கத்தைப் பார்த்தவர்கள், 'பிடுங்கறாங்க' என்ற சொல்லை லேசில் சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்த மெஷினில் நம் பையன் ஏன் உட்கார மாட்டேன் என்கிறான்? சம்பளம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வருகிறது. பையன் பி.இ., பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், நல்ல குணம். இன்னொரு வரன், குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறான், இன்னும் வேலை இல்லை, ஆனால் 'கட்டாயம் கிடைத்துவிடும்'. எந்த ஜாதகத்தை முதலில் எடுத்துப் பார்ப்போம்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தரகர் சொல்கிறார்: "கவர்மென்ட்டுக்குப் படிக்கிறான்னு சொன்னாலே ஒரு வெயிட்டு சார். சின்ன வேலைக்குப் போயிட்டான்னா அவ்ளோதான், ரேட்டு இறங்கிடும்." சின்ன வேலையில் சேர்ந்தால் அந்தஸ்து போய்விடும், சேராமல் இருந்தால் அந்தஸ்து அப்படியே நிற்கும். இப்படி ஒரு ஏற்பாட்டை நாமே செய்து வைத்துவிட்டு, பையன் வேலைக்குப் போக மாட்டேன் என்கிறான் என்று புலம்பினால் எப்படி?

பெண் பிள்ளைகள் கதை இன்னும் சிக்கல். படித்த பெண்தான் வேண்டும், வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் நாட்டில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தமிழ்நாட்டில்தான். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறந்தார்கள். தென்மாவட்டத்து அம்மா ஒருவர், "என் பொண்ணு அங்கதான் இருக்கா, செல்போன் செய்யறா" என்று என்னிடம் சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. அவர் வீட்டுக்காரர் இன்னும் சொந்தக்காரர்களிடம் 'சென்னைல ஆபீஸ்' என்றுதான் சொல்கிறாராம்.

அடுத்து ஒரு கடிதம். டெல்டா பக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் பி.சி.ஏ., இரண்டு வருஷமாக வீட்டில். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் எண்பதாயிரம், முதலில் டூரிஸ்ட் விசாவில் போகலாம், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறாராம். 'வளையலை வைத்துப் பணம் கட்டலாமா, அண்ணா?' என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, வளையலைக் கழற்றாதீர்கள்.

நம் ஊரிலிருந்து கட்டட வேலைக்கு வளைகுடா போனவர்களை ஏமாற்றுவது பழைய கதை. பட்டதாரிகளுக்கென்றே வந்திருக்கும் புதிய வலை இது. பேங்காக் என்று சொல்லி இறக்குவார்கள். அங்கிருந்து காரில் எல்லைக்குக் கொண்டுபோய், ஆற்றைத் தாண்டி மியான்மரில் மியாவடி என்ற இடத்துக்குக் கடத்துவார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஆன்லைனில் ஊர் உலகத்தை ஏமாற்றும் வேலையில் உட்கார வைப்பார்கள். மறுத்தால் அடி. 2022-லேயே வெளியுறவுத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 13 பேர் மீண்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானத்தில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அங்கிருந்து கூட்டி வர வேண்டியிருந்தது. ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்த, வேலை இல்லாத, வீட்டில் சொல்ல வெட்கப்படும் பிள்ளைதான் அவர்களுக்கு வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர்!

வெளிநாடே போகக் கூடாது என்று சொல்ல நான் யார்? போகட்டும், நேர்வழியில் போகட்டும். டூரிஸ்ட் விசாவில் வேலைக்கு என்றாலே அது வேலை இல்லை. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது. அங்கே ஒருமுறை விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லாம் சரியாக இருந்து போனவர்களுக்கும் உத்தரவாதம் இல்லை என்பதும் தெரிந்ததுதான். 2024 ஜூனில் குவைத் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தபோது இறந்த நம் நாட்டவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்த வீடுகளில் அவர்கள் அனுப்பிய பணத்தில் யார் யார் படித்துக்கொண்டிருந்தார்களோ.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா என்பீர்கள். செய்கிறது. 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரியிலேயே பயிற்சி கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். வேலையில்லாதோருக்கான உதவித்தொகை என்று ஒன்றும் இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்தால் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பி.இ. போன்ற தொழிற்படிப்புக்காரர்களுக்கு அதுவும் கிடையாது. 600 ரூபாயில் இன்று என்ன வரும்? ஒரு மாத நெட் பேக்கை ரீசார்ஜ் செய்துவிட்டு, மிச்சத்தில் இரண்டு விண்ணப்பம் போடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று அப்ரென்டிஸ்ஷிப். படித்து முடித்தவுடன் கம்பெனியில் ஒரு வருஷம் பயிற்சி. பட்டதாரிக்குக் குறைந்தது 9,000 ரூபாய் என்று 2019-ல் வைத்தார்கள். தரமணியில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. "ஒன்பதாயிரமா?" என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். அந்த ஒரு வருஷம் பயோடேட்டாவில் ஒரு வரியாக நிற்கும். வெற்றிடம் அப்படி நிற்காது.

என்னிடம் பெரிய தீர்வெல்லாம் இல்லை. வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யை அணைத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். குரூப் 4 எழுதுகிறாயா, எழுது. எத்தனை தடவை? எந்த வருஷம் வரைக்கும்? அதுவரை வீட்டுச் செலவு எவ்வளவு, யார் தருகிறார்கள்? இதையெல்லாம் கோபமில்லாமல் ஒரு தாளில் எழுதுங்கள். கெடு வைப்பது பிள்ளையை அவமானப்படுத்துவது ஆகாது. கெடுவே இல்லாத காத்திருப்பில்தான் பிள்ளைகள் உள்ளுக்குள் உடைகிறார்கள். பாதி நாள் படித்துக்கொண்டு பாதி நாள் ஒரு கடையில் கணக்கு எழுதினால் என்ன? அப்படிச் செய்கிறவனைப் பற்றி 'பாவம், இன்ஜினீயர் கடையில நிக்கிறான்' என்று பேசாமல் இருக்க நமக்குத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

அப்புறம், கல்யாண வீட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே "என்னப்பா, வேலை கிடைச்சுதா?" என்று கேட்கிறீர்களே, அது வேண்டாம். கிடைத்திருந்தால் அவனே சொல்லியிருக்க மாட்டானா?

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தம்பியின் நம்பரைத் தேடி எடுத்தேன். அம்மாதான் எடுத்தார்.

"அவன் டெலிவரிக்குப் போயிருக்கான் சார். போன் சார்ஜ்ல கெடக்கு, அவங்கப்பா போனை எடுத்துட்டுப் போயிருக்கான். நீங்க எந்த ஆபீசு? டிகிரி இருக்குன்னு வேணாம்னீங்களே அந்த ஆபீஸா, இல்ல டிகிரி பத்தாதுன்னு வேணாம்னாங்களே அந்த ஆபீஸா?"

"முதல் ஆபீஸ்தாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ராத்திரி ஒன்பதரைக்கு அவரே கூப்பிட்டார். பின்னால் வண்டிச் சத்தம். ஏதோ அபார்ட்மென்ட் வாசலில் நின்று பேசுகிறார் போல. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னேன். நிற்பீர்களா என்று கேட்கவில்லை. இரண்டு மாசத்தில் நல்ல வேலை கிடைத்துப் போனால் போகட்டும். மேனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பயோடேட்டாவை மட்டும் சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், அந்த நாலு வருஷத்தையும் சேர்த்து என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"சார், அரியர் வெச்சதையும் எழுதணுமா?" என்றார்.